டீசல் கட்சிக்காரர்

வெள்ளைக் கைலேஞ்சியை விரித்துப் புகைக்குழாயின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "இப்ப ஒருக்கா நல்லா மிதியுங்கோ" என்கிறார் பற்றிக். உள்ளே இருப்பவர் மிதிக்கிறார். லேஞ்சி படபடக்கிறது. பற்றிக் அதை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார், மணந்து பார்க்கிறார். வாங்க வந்தவரும் விற்க நிற்பவரும் வண்டியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்கிறார்கள். "டீசலும் குடிக்குது, ஒயிலும் குடிக்குது. இரண்டு பழக்கம் உள்ளவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. வாங்கோ போவம்."

மூதூருக்குக் கடல்வழி போகும் லோஞ்சில் எஞ்சின் பார்ப்பது அவருடைய வேலை. திருகோணமலையில் பழைய வாகனம் வாங்க நினைக்கிறவர்கள், கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவரைத் தேடிப் போவதுபோல, இறங்குதுறைக்கு வந்து அவரைக் கேட்பார்கள். கூலி வாங்க மாட்டார். மத்தியானச் சாப்பாடு மட்டும் வாங்கிக்கொள்வார், அதுவும் வாங்குகிறவர் செலவில். லோஞ்சின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பேசிக் குரல் பழகிவிட்டதால், அவர் கண்டுபிடித்த நோயை மூன்றாம் வீட்டுக்காரரும் கேட்டுக்கொள்வார். பிறகு அந்த வண்டியை அந்த ஊரில் விற்க ஏலாது.

அவர் டீசல் கட்சி. அதை மறைக்கிறவர் அல்லர்.

"டீசல் எண்டா எருமை. எழும்பச் சுணங்கும், எழும்பினா நாள் முழுக்க இழுக்கும். பெற்றோல் எண்டா ஆடு. நல்லாத் துள்ளும், பாரம் ஏத்தினாப் படுத்திடும்."

ஆனால், தான் நியாயஸ்தர் என்ற நம்பிக்கையும் அவருக்கு உண்டு. வருகிறவர்களிடம் முதலில் கேட்பது விலையை அல்ல, ஓட்டத்தை. வங்கியில் வேலை செய்யும் டினேஷ் வந்தபோதும் அதைத்தான் கேட்டார்.

"கொழும்புக்கு அடிக்கடி போவன், அங்கிள்."

"அடிக்கடி எண்டா?"

"போன வருசம் நத்தாருக்குப் போனனான்."

"அதுக்கு முதல்?"

டினேஷ் யோசித்தான். "அதுக்கு முதல் பஸ்ஸில போனனான்."

அவனுக்கு முழுக் கணக்கையும் விளக்கினார். டீசல் லீற்றருக்குக் கூடுதல் தூரம் ஓடும். ஆனால் வருட வரி அதிகம். எஞ்சினுக்கு டீசல் அடிக்கும் பம்பும் நொசிலும் ஒருமுறை பழுதானால், மிச்சம் பிடித்த அவ்வளவும் கராச்சுக்குப் போய்விடும். "கொஞ்சத் தூரம் ஓடுறவனுக்கு டீசல் சரிவராது, தம்பி. அது சூடேற முந்தி நீர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திடுவீர். சூடேறாத டீசலுக்கு நோய் வருத்தம்தான் வரும்." இவ்வளவையும் நேர்மையாகச் சொல்லி முடித்துவிட்டு, டீசல் ஒன்றை எடுக்கச் சொன்னார்.

எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் வரிசை வளைந்து வளைந்து நின்றபோது, பற்றிக் அதன் ஓரமாக நடந்துபோய், தெரிந்த முகங்களுக்கெல்லாம் "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். சில நாட்களில் லொறிகளின் டீசல் வரிசை அதைவிட நீண்டது. அதன்பிறகு சில காலம் அவர் பின்ரோட்டால்தான் வேலைக்குப் போனார். போனது பெற்றோல் மோட்டார் சைக்கிளில். "மோட்டார் சைக்கிள் வேற கணக்கு" என்பார்.

லிங்கநகரில் இருக்கும் அவருடைய தங்கை ஞானமலருக்கும் வேறொரு கணக்குப் போட்டவர்தான் பற்றிக். கட்டாரிலிருந்து கணவர் காசு அனுப்பியபோது, சின்னப் பெற்றோல் கார் ஒன்று போதும் என்றாள் அவள். பள்ளிக்கூடம், சந்தை, கோயில்: அவளுடைய உலகம் மூன்று இடம், மூன்றும் பக்கத்தில். பற்றிக் டீசல் வான் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். ஏழு பேர் இருக்கலாம் என்றார். வீட்டில் இருந்தது அவளும் மகளும்.

ஆறு வருடமாக அந்த வான் விடியலில் இருமி இருமி எழும்பியது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் புகை மணந்தது. நொசில் மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் பற்றிக் சொன்னது ஒன்றுதான்: "வாகனத்தில பிழையில்லை மலர், நீ ஓடுற ஓட்டம் காணாது."

கடைசியில் அவள் விற்கத் துணிந்தாள். கேட்டு வந்தவர் குறிஞ்சாக்கேணி ஜெமீல். தயிர்ச் சட்டிகளை வாடகை லொறியில் தம்புள்ளைக்கு அனுப்புகிறவர், இனிச் சொந்த வண்டியில் தானே கொண்டுபோக வேண்டும் என்றிருந்தார். வானைப் பார்க்கப் போகுமுன் அவரும் இறங்குதுறைக்குத்தான் வந்தார்.

"பற்றிக் அண்ணன், லிங்கநகர்ல ஒரு டீசல் வான் விக்கிறாங்களாம். நீங்க ஓம் எண்டாத்தான் எடுப்பன். வழியில ஹபரணைக் காட்டுக்குள்ள வண்டி நிண்டுட்டா, தயிரத் திங்க யானதான் வரும்."

"அது என்ர தங்கச்சின்ர வான், ஜெமீல்."

"அப்ப இன்னும் நல்லம்" என்றார் ஜெமீல்.

அந்த நம்பிக்கை பற்றிக்குக்குப் பெருமையாகவும் இருந்தது, சட்டைக் கழுத்து இறுகியதுபோலவும் இருந்தது. தம்புள்ளை ஓட்டம் அந்த வானுக்கு நல்லதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சனிக்கிழமை காலை ஜெமீலோடு லிங்கநகருக்குப் போனார்.

ஞானமலர் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. வான் இருமவில்லை, புகைக்கவில்லை, எழும்பி நின்று சீராகப் பாடியது. பற்றிக்கின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஒரே அடி!"

"எருமைக் கதையை அவருக்கும் சொல்லுங்கோ அண்ணா" என்றாள் ஞானமலர்.

சொல்லத்தான் வாயெடுத்தார். தட்டிக்கொடுப்பதுபோல முன்மூடியில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. மூடி சூடாக இருந்தது. வெயில் சூடு அல்ல. வான் நின்றது மாமர நிழலில்.

டீசல் எஞ்சினின் குணம் தெரிவது குளிரில் எழும்பும்போதுதான். அதனால் விற்கிறவர்கள், ஆள் வருமுன் ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். அந்தக் கள்ளத்தைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தவர் பற்றிக்தான். இந்த வானை வாங்கப் போன அன்று, "கவனம் மலர், இப்பிடித்தான் ஏமாத்துவாங்கள்" என்று சொல்லியிருந்தார். அவள் மறக்கவில்லை. இப்போது மாமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணன், எடுக்கவா?" என்றார் ஜெமீல்.

ஓம் என்ற ஒரு சொல் போதும். தங்கைக்குச் சின்னக் கார் வரும். தான் வாங்கிக்கொடுத்த வான் பிழையில்லை என்று ஊரும் ஒப்புக்கொள்ளும். யாரும் தன்னை ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. கேட்கப்போகிற ஒரே ஆள் ஹபரணைக் காட்டுக்குள் தயிர்ச் சட்டிகளோடு நிற்பார்.

"ஒரே அடியில ஸ்டாட் வந்ததுதானே அண்ணா?" என்றாள் ஞானமலர்.

"வந்தது."

"பிறகென்ன?"

"எஞ்சின் சூடாக் கிடக்கு. ஜெமீல், இண்டைக்குப் பாத்துப் பிரயோசனமில்லை. நாளைக்கு விடிய வாங்கோ. குளிரில எழும்பினா எடுங்கோ. எழும்பாட்டி நான் உங்களோட வேற இடத்துக்கு வாறன்."

ஜெமீல் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், "அப்ப காலைல வாறன்" என்று சொல்லிப் போனார். அவருடைய சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை ஞானமலர் பொறுத்திருந்தாள்.

"பெற்றோல் கார் எடுத்துத் தாங்கோ எண்டு அண்டைக்கு எத்தினை தரம் கேட்டனான்? நீங்கள்தான் இந்த எருமையைக் கொண்டந்து கட்டினீங்கள். இப்ப அவிட்டு விடவும் விடுறீங்கள் இல்லை. நாளைக்கு இது இருமினா, அதுவும் ஓட்டம் காணாத குறையோ?"

பற்றிக் வானின் கதவைத் திறந்து எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"அண்ணா! சாவியை ஏன் கொண்டு போறீங்கள்?"

அவர் போகவில்லை. தங்கையின் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"மற்றச் சாவியையும் கொண்டா."