இறுகிப்போன படகு வால்வு

கடலே இல்லாத பெங்களூரு ஹெப்பகோடியில், இன்று என் பட்டறைக்கு ஒரு படகுக்காரர் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை. தமிழ் பேசுவார், படிக்க வராது.

சென்னை துறைமுகத்தில் அவருடைய பழைய பாய்மரப் படகு நிற்கிறதாம். அதன் அடியில், கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வால்வு இறுகிவிட்டது. பெயிண்ட் அடிக்கக் கரையேற்றியபோது கழற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

பிரித்து, கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்தேன். இரண்டே விரலில் திரும்பியது. பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்ட எனக்கு புரொஃபசர் நினைப்பு வந்துவிட்டது.

"மாசம் ஒரு தடவை மூடித் திறங்க சார். இல்லேன்னா, ரப்பர் டியூப் கிழிஞ்சு படகுக்குள்ள தண்ணி ஏறுற அன்னைக்கு மூட வராது."

"நான் வருஷத்துக்கு ஒரு தடவைதானப்பா போறேன்."

"அப்ப படகுல யாரு?"

"வாட்ச்மேன். ராத்திரி உள்ளேயே தூங்குவான்."

"அவர்கிட்டயாவது சொல்லி வைங்க சார்."

"எதுக்கு? அவனுக்கு நீச்சல் தெரியும்" என்று சிரித்தார்.

என் மகனும் ஒரு கம்பெனி வாசலில் நைட் டூட்டி பார்க்கிற வாட்ச்மேன்தான். ஆனாலும் "ஆமா சார்" என்று தலையாட்டினேன். புரொஃபசர் பதவி அதோடு போச்சு.

வால்வைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு அட்டையில் தமிழில் பெரிதாக எழுதினேன்: "வாட்ச்மேன் அண்ணா, மாசம் ஒரு தடவை இதை மூடித் திறங்க. உள்ளே தூங்குறது நீங்கதான்."

"என்னப்பா இது?"

"கேரண்டி கார்டு சார். வால்வு பக்கத்துலேயே மாட்டி வைங்க."

சென்னை நண்பர்களே, துறைமுகப் பக்கம் போனால் அட்டை தொங்குதான்னு பார்த்துச் சொல்லுங்க.