நீலக் குறி போட்ட வரி

கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனிக்குக் கையேடு எழுதுகிறவள் நிரோஷினி. பெண் பார்க்க வந்தவர்களுக்கு இந்தத் தொழிலை விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும். முப்பத்தெட்டு வயதாகியும் ஒன்றும் சரிவரவில்லை.

விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் எழுத யாருக்கு நேரம்? ஒன்றையே எழுதுவாள். விண்டோஸுக்கு மட்டுமான வரிக்கு நீலக் குறி, மேக்குக்கு மட்டுமானதற்குப் பச்சை. பொது வரிகளுக்குக் குறி கிடையாது. பொத்தானை அழுத்தினால் அவரவர் புத்தகம் தனித்தனியாக வந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் அவள் கை பிசகியதில்லை என்று பெயர்.

ஒருநாள் அக்குறணையிலிருந்து இப்திகார் என்பவர் தன் மேக் மடிக்கணினியோடு வந்தார். படங்களைச் சேமித்து வைக்க இவர்களுடைய மென்பொருளைப் பாவிப்பவர். இரண்டு மாதத்துக்கு முன் புதிய பதிப்புக்கு மாறும்போது, கையேடு சொன்னபடி பழைய கோப்புறையை அழித்திருக்கிறார். போன வருடம் காய்ச்சலில் இறந்த மகள் இல்மாவின் படங்கள் அத்தனையும் அதோடு போய்விட்டன.

"புக்குல ஈக்கிற மாதிரித்தான் செஞ்சேன், தங்கச்சி."

நிரோஷினி இரண்டு புத்தகங்களையும் திறந்து பார்த்தாள். பிரதி எடுக்கச் சொல்லும் எச்சரிக்கை விண்டோஸ் புத்தகத்தில் இருந்தது, மேக் புத்தகத்தில் இல்லை. அவசரத்தில், மேல்வரியோடு சேர்த்து அந்தப் பொது வரிக்கும் நீலக் குறி போட்டிருக்கிறாள்.

பொறியியலாளர்கள் மதியம் வரை முயன்றும் ஒரு படம்கூட மீளவில்லை. முகாமையாளர் மோகனராஜ் அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"பாவம்தான். ஆனா நம்ம பிழைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க வேலைதான் போகும்."

இப்திகார் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "படம் வராதுன்டு விளங்கிட்டுது. என்ட பிழை இல்லன்டு ஒரு துண்டு எழுதித் தாங்க. புள்ளைட உம்மா ரெண்டு மாசமா என்னோட பேசுற இல்ல."

நிரோஷினி தன் மேசைக்குத் திரும்பினாள். வேலை போனால் போகட்டும் என்று கம்பனித் தாளிலேயே எழுதினாள். 'உங்கள் கணவர் பிழை செய்யவில்லை. அவருடைய புத்தகத்தில் வரவேண்டிய எச்சரிக்கை என் கவனக்குறைவால் விடுபட்டது.' கையெழுத்திட்டு, தொலைபேசி இலக்கத்தையும் போட்டாள்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

"நான் இல்மாட உம்மா. அவர்ட பிழை இல்லன்டு விளங்கிச்சு. அந்த வரிய ஒருக்கா வாசிங்க."

நிரோஷினி வாசித்தாள். "அழிப்பதற்கு முன் உங்கள் படங்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்."

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"ஆமாங்க," என்றாள் நிரோஷினி. "இவ்வளவுதான்."