உமையம்மாள் முந்திப் பார்த்த ஜனவரி

உதியன்குளங்கரை உமையம்மாளுக்கு 1998இல் நாற்பத்தொரு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினாறு வருடமாக நிரந்தர வேலை. மாதாமாதம் அதே சம்பளப் பட்டியல் புரோகிராமை ஓட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்த கோபோல் மொழியைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய சாமான் என்றார்கள்.

ஜூனில் கழக்கூட்டத்துச் சின்னக் கம்பெனி ஒன்று அவரைத் தேடி வந்ததே அந்தப் பழைய சாமானுக்காகத்தான். வெளிநாட்டு இன்சூரன்ஸ் புரோகிராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைத்துவிடும். திருத்த ஒன்பது மாதக் கான்ட்ராக்ட்.

கணவர் தாணுமாலயன் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிளார்க்.

"லீவு உண்டா? பென்ஷன் உண்டா?"

"ரெண்டும் இல்ல."

"பின்னே எதுக்கு போகணும்?"

"இங்க புரோகிராம்ல அடுத்த வரி என்னன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். அங்க நாலு லட்சம் வரியாக்கும். ஒண்ணுகூட நான் பாக்காதது."

சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுத மூன்று நாள் ஆனது. தாணுமாலயன் அதை வாங்கி, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

கழக்கூட்டத்தில் இடுப்புயரம் அடுக்கிய புரோகிராம் அச்சுத்தாள்களுக்குள் உமையம்மாள் இறங்கினார். ஒரு பக்கத்தில், 1967இல் யாரோ ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு: 'நூற்றாண்டு முடிவதற்குள் இதை மாற்றிவிடுவார்கள்.' உமையம்மாள் அதை இரண்டு தரம் படித்தார். 1967இல் அவர் நாலாம் வகுப்பு. அன்றே முகம் தெரியாத ஒருவர் இந்த வேலையை விட்டுவைத்திருக்கிறார்!

பிப்ரவரியில் ஒரு காலை பதினோரு மணிக்குச் சோதனைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி நின்றார்கள். திரையில் 2000 விழுந்தது. பாலிசிதாரர்களின் வயதெல்லாம் சரியாக வந்தது. வெளியே 1999ஆம் வருட வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் அடுத்த நூற்றாண்டப் பாத்துட்டு வாறேன்," என்றார் அன்று வீட்டில்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் நடக்கல. அதுதான் அதிசயம்."

கம்பெனி நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது: இனி வரிகளை மற்றவர்கள் பார்ப்பார்கள், அவர் அவர்களை மேற்பார்வையிட வேண்டும். உமையம்மாள் ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்றார். பிறகு நாலு மாதம் வேலையே இல்லை. சில நாள் ராஜினாமாவை நினைத்துக் கலங்கினார். தாணுமாலயன் குத்திக்காட்டவில்லை. ஆகஸ்டில் திருத்துவதற்கு ஒரு கப்பல் கம்பெனியின் புரோகிராம்கள் வந்தன, அதுவும் கான்ட்ராக்ட். முதல் நாள் உமையம்மாள் ரயிலுக்கு அரை மணி முன்பே பாறசாலை ஸ்டேஷனில் போய் நின்றார்.