சேரன்மகாதேவியில் இறங்கிய அக்கா

இன்று காலை அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, ஏஜென்சி அனுப்பும் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்.

"தோதான வேலைம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா போகண்டாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாவ" என்றார்.

வீரவநல்லூர் தாண்டியதும் ஏஜென்சியிலிருந்து போன். குரல் எனக்கும் கேட்டது. எட்டு மாதமாக அக்கா குளிப்பாட்டிச் சோறூட்டிய பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டாராம். நாளை வேறு வீடாம்.

"மொகத்த மட்டும் பாத்துட்டு வந்திருதேனே" என்று கெஞ்சினார் அக்கா.

"வெளியாள் யாரும் வரண்டாம்னு அந்த வீட்டுல சொல்லிட்டாவம்மா."

அக்கா சேரன்மகாதேவியில் இறங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஊர் திரும்பும் பேருந்துக்காக நின்றார்.

நாளை அக்கா போகும் வீட்டுப் பெரியவருக்கு நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்டேன். அக்காவுக்காக வேறென்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.