மார்பளவில் இரண்டு இன்ச்

என் தங்கை அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் என்னை முன்னாலேயே அனுப்பிவைத்தார் போலும். எங்கள் தையல் கடையில் அவள் வெட்டித் தைப்பாள். நான் பட்டன் கட்டிக்கொண்டே வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுவேன். கட்சித் தலைவரின் சட்டைகளெல்லாம் எங்களிடம்தான். அவற்றைக் கொண்டுவரும் டிரைவரிடம்தான் இவள் மனதைப் பறிகொடுத்தாள். ஒரு பட்டன் அறுந்ததற்கு மூன்று தடவை வந்த மனிதர்! அடுத்த மாதம் கல்யாணம்.

தேர்தல் நெருங்கிய ஒரு மதியம், தலைவரின் உதவியாளர் கனமான பையோடு வந்தார். உள்ளே இருந்தது குண்டு துளைக்காத கவசம்.

"நாளைக்கு ஊர்வலம், திறந்த ஜீப்பு. தலைவர் இதை உள்ள போட்டுக்குவாரு. வெளிய தெரியக் கூடாது. மார்புல ரெண்டு இன்ச் கூட்டித் தைங்க. காலைல வேணும்."

"டிரைவருக்கும் ஒண்ணு உண்டா சார்?" என்றாள் தங்கை.

அவர் பாதி தைத்துத் தொங்கிய டிரைவரின் யூனிஃபார்மைப் பார்த்தார். "அதை நிறுத்திடுங்க. இனிமே தேவைப்படாது." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "புது கலர் வருது" என்று மழுப்பிவிட்டுக் கிளம்பினார்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இவங்களே ஆள் வச்சுச் சுடப்போறாங்க. தலைவர் தப்பிச்சுடுவாரு. வண்டி ஓட்டுற இவர் செத்தாத்தான் ஜனங்க நம்புவாங்க, அழுதுக்கிட்டே ஓட்டுப் போடுவாங்க."

போன் செய்தாள். டிரைவர் சிரித்தார். "பைத்தியமா உனக்கு? பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறாரு என்னை. உப்புத் தின்ன வீட்டைத் தப்பாப் பேசாதே." வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரே எதிரில் இருந்திருந்தால் கத்தரிக்கோலை வீசியிருப்பேன்.

"போலீசுக்குப் போவோம்டி."

"நாளைக்குத் தலைவரைச் சுத்தி நிக்கப்போறதே அவங்கதான். யாரைன்னு நம்புறது?"

துணியை விரித்து வெட்டத் தொடங்கினாள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"பழைய அளவா? அடியே, பாம்புப் புத்துல கையை விடறே!"

"விட்டாச்சு. நீ பட்டனைக் கட்டு."

கட்டினேன். கையில் ஊசி இரண்டு முறை ஏறியது.

மறுநாள் காலை சட்டை போய்விட்டது. ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம். தங்கை கழுத்தில் இன்ச் டேப்போடு வாசலில் நின்றாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்த் தெருமுனையை எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒலிபெருக்கி கரகரத்தது: தலைவருக்குத் திடீர்க் காய்ச்சல், ஊர்வலம் ரத்து. வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

டிரைவர் நடந்தே வந்தார்.

"சட்டைப் பட்டன் கவசத்துக்கு மேல பூட்டவே முடியலக்கா. மத்த சட்டையும் பத்தல. கவசம் இல்லாம ஏறமாட்டேன்னு தலைவர் கத்தினாரு. 'அப்ப அதை நான் போட்டுக்கறேன், நீங்க சும்மா வாங்க ஐயா'ன்னு விளையாட்டாத்தான் சொன்னேன்." அவர் தங்கையைப் பார்த்தார். "அந்த ரூம்ல ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல."

ஜீப் சாவியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தங்கை என் கண்ணெதிரிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரையும் பின்வாசல் வழியாக பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

சற்று நேரத்தில் உதவியாளர் வந்து நின்றார். "அளவு எப்படிம்மா தப்பும்? எங்க உன் தங்கச்சி?"

பட்டன் கட்டுவதை நிறுத்தாமலே சொன்னேன்.

"சட்டையிலதான் தப்பு நடந்துபோச்சு சார். ஆனா அந்த டிரைவர் யூனிஃபார்மை நீங்க சொன்ன மாதிரியே நிறுத்திட்டோம். இனிமே தேவைப்படாது."