சோற்றுக்கு ஏது சுங்கம்?

போன வாரம் பாகூர் பஸ்ஸில் இரண்டு பெண்களுக்குள் சண்டை. ரேஷனில் அரிசி போடுவது நல்லதா, பேங்கில் பணம் போடுவது நல்லதா?

"பணம்னா புடிச்ச அரிசிய வாங்கலாம்" என்றாள் ஒருத்தி.

"என் வூட்டுல அது நேரா சாராயக் கடைக்குத்தான் போவும்!" என்றாள் இன்னொருத்தி.

இரண்டும் சரிதானே? எனக்கு வயது தொண்ணூற்றைந்து. மனசு பஸ்ஸை விட்டு இறங்கி, நான் வாழ்க்கைப்பட்டு வந்த பழைய செலியமேட்டுக்குப் போய்விட்டது...

பிரெஞ்சுக்காரன் காலம். யுத்த நேரம். நான் கல்யாணமாகி வந்த புதுசு. புயலில் நெல் சாய்ந்து அழுகிப் போயிற்று. மேரியில் — கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸை அப்படித்தான் சொல்வோம் — வீட்டுக்கு வீடு நிவாரணப் பணம் கொடுத்தார்கள். கையில் காசு இருந்தது. கடையில் அரிசி? ஒரு மணிகூட இல்லை!

என் அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில். நடக்கிற தூரம்தான். அங்கே வீடுகளில் அரிசி இருந்தது. ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் பறிமுதல்.

என் நாத்தனார் அஞ்சலைதான் வழி கண்டுபிடித்தாள். "அரிசியத்தானடி புடுங்குவான்? சோறாக்கி எடுத்தாந்தா?"

எங்கள் சின்னத் தெருவே பணம் போட்டது. நானும் அவளும் போய் அரிசி வாங்கி, அம்மா வீட்டு அடுப்பிலேயே வடித்து, ஆளுக்கொரு பெரிய பானையாகத் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

திரும்பும்போது எல்லைச் சாவடியில் காவல்காரர் மறித்தார். "இன்னாம்மா அது?"

"சோறுண்ணே" என்றாள் அஞ்சலை.

"இம்மாஞ்சோறா?"

"வூட்டுல ஆளுங்க அதிகம்."

இறக்கச் சொன்னார். மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கொட்டச் சொன்னால் தெருவே பட்டினி. மனிதர் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அஞ்சலைக்குத்தான் புரிந்தது. "சாப்ட்டீங்களாண்ணே?"

"சம்பளம் கையிலதாம்மா இருக்குது. பறிமுதல் பண்றவனுக்கு எவன் அரிசி விப்பான்?"

அவள் பக்கத்துத் தோப்பில் ஒரு வாழையிலை கிழித்து வந்து சோற்றைப் போட்டாள். குழம்பில்லை, உப்பில்லை. மடமடவென்று தின்றார். இன்னும் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அஞ்சலை கேட்காமலே போட்டாள்.

"சரி, கெளம்புங்க" என்றவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

பணமோ அரிசியோ, கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அது இலைக்கு வந்து சேர இடையில் ஒரு மனுஷி வேண்டியிருக்கிறது, இல்லையா?

அன்றைக்குத் தெருவில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டதாம் — குறை சொன்னது என் மாமியார் மட்டும்தான்!