மூன்றாம் மேசையின் அருவி

யுத்த காலத்தில் எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வெளிநாட்டுப் புண்ணியவான்கள் யாரோ, மாய உலகம் காட்டும் ஹெட்செட்டுகள் சிலவற்றை அனுப்பிவைத்தார்கள். கரண்டையும் கூடவே அனுப்ப மறந்துவிட்டார்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தலையில் மாட்டினால் கண் இரண்டும் மறைந்து, எங்கோ ஒரு தேசத்து மலையருவி தெரியும். மூன்றாம் மேசை ஹெட்செட்டில் மட்டும் அருவி ஊமையாக விழுந்தது. முறைப்பாடு செய்தோம்.

வாரக்கணக்கில் காத்திருந்தபின் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். "நீங்கதான் வயரை இழுத்துக் கெடுத்திருக்கிறீங்க" என்று, பெட்டியைத் திறக்குமுன்பே தீர்ப்புச் சொன்னார். வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, பரீட்சித்துப் பார்க்க ஹெட்செட்டைத் தானே அணிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வாவிக்கு மேலால் ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. நாங்கள் எல்லோரும் வழக்கம்போல மேசைகளுக்குக் கீழே போய்விட்டோம். நிபுணர் மட்டும் அறையின் நடுவில் நிமிர்ந்து நின்று, பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஆஹா, அருவி என்ன மாதிரி இரையுது! இப்ப சரிதானே?"

"ஓம் சேர்," என்றேன், மேசைக்குக் கீழே இருந்தபடி. "எங்களுக்கும் நல்லாக் கேக்குது."